பதினாறு நாள் மறைத்த வேகம்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோல சிலாங்கூர் போகும் சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் ஐந்து மைல் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். லோரியிலிருந்து பெட்டியை இறக்கியவர்கள் ஐஸ்பெட்டி என்று நினைத்துக்கொண்டு, மீன் எங்கே என்று என்னைக் கேலி செய்தார்கள். அந்த வயதில் யார் கேலி செய்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

மறுநடவுக்காகத் தோட்டத்தின் ஒவ்வொரு காட்டையும் மறுபடி அளந்து படம் போட வேண்டியிருந்தது. காடு என்றால் வனமில்லை. நம்பர் போட்டுப் பிரித்த மரத்தோப்புகளைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். படம் போட இரண்டு பேர் இருந்தோம். ஒன்று நான். பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து நேராக அலுவலக நாற்காலிக்கு வந்தவள். இன்னொருத்தி என்னைவிட மூன்று வயது மூத்தவள். தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து சைக்கிளில் வருவாள். அவளை அக்கா என்றே கூப்பிட்டேன்.

அக்கா அதற்கு முன் இரண்டு வருஷம் மருந்துக் கூட்டத்தில் இருந்தவள். களைக்கொல்லி நிரப்பிய பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து மதியம் வரை செம்பனை வரிசைக்குள் அடித்துக்கொண்டே நடக்கிற வேலை. அவள் கைவிரல் நகங்கள் இரண்டு முழுதாகப் போய், பிறகு கோணலாக முளைத்திருந்தன. மூக்கில் ரத்தம் வரும். மருந்தடித்து முடிந்த வரிசைகளை அவள் உரச்சாக்குத் தாளின் பின்பக்கம் கோடு போட்டு கூட்டத்தை நடத்தும் மண்டோரிடம் காட்டுவாளாம். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அவளை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தார். ஸ்கேல் இல்லாமலே நேர்க்கோடு போடுவாள். எனக்கு ஸ்கேல் இருந்தாலும் கோணும்.

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக நிற்க வைத்து மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவரும் தமிழர்தான், பேச்சில் சுற்றி வளைப்பதில்லை.

“படம் முடியற வரைக்கும்தான் ரெண்டு பேரு. அப்புறம் ஒரு ஆளுக்குத்தான் இங்க வேலை. இன்னொருத்தர் வெளிக்காட்டுக்குப் போகணும். இப்பவே சொல்லிட்டேன், பின்னால அழக்கூடாது.”

வெளிக்காட்டில் பெண்களுக்கு ஆள் குறைவாக இருந்த இடம் மருந்துக் கூட்டம் ஒன்றுதான். அக்கா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்பதால் கம்ப்யூட்டர் என் தலையில் விழுந்தது. அக்கா பழையபடி மேசையில் ட்ரேசிங் தாளும் மைப்பேனாவுமாக உட்கார்ந்தாள். நான் பக்கத்து மேசையில். கம்ப்யூட்டரோடு ஒரு பலகையும் வந்திருந்தது. அதன்மேல் பழைய படத்தை விரித்து, சோப்புக்கட்டி அளவில் உள்ள ஒரு கருவியைக் கோட்டின்மேல் தேய்த்துக்கொண்டே போனால் அந்தக் கோடு கம்ப்யூட்டருக்குள் போய்விடும். அது வரைக்கும் சரி. உள்ளே போன படத்தைத் திரையில் பார்க்கலாம் என்றால்தான் வினை.

முதலில் சாலை வரும். ஒவ்வொரு கோடாக வரும். பிறகு கால்வாய்கள். பிறகு காடுகளின் எல்லை, பாலம், லயங்கள். முழுப்படம் வந்து நிற்கப் பதினோரு நிமிஷம். ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் முதலிலிருந்து பதினோரு நிமிஷம். ஒரு நாளில் நான் பார்த்த வேலையைவிடக் காத்திருந்த நேரம்தான் அதிகம். நடுவில் தோட்டத்து மில்லில் பெரிய மோட்டார் ஓட ஆரம்பித்தால் விளக்கு மங்கி, கம்ப்யூட்டர் அணைந்து எழும். செய்ததெல்லாம் போகும்.

“என்னம்மா, மாப்பிள்ள இன்னும் குளிச்சிட்டு வரலையா?” என்பாள் அக்கா, தலை நிமிராமலே.

“தல சீவுறாரு. பேசாம இருங்கக்கா.”

தலைமை அலுவலகம் இதைக் கேள்விப்பட்டு, படத்துக்கென்றே தனியாக ஒரு கார்டு வாங்கி அனுப்பியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தட்டு, நிறையச் சில்லுகள். கோலாலம்பூர் கடையிலிருந்து ஒருவர் காரில் வந்து மூடியைத் திறந்து அதைச் செருகினார். இந்தக் கார்டுக்குச் சொந்தமாக மூளை இருக்கிறது, எங்கிருந்து எங்கே கோடு என்று கம்ப்யூட்டர் சொன்னால் போதும், மிச்சத்தை இதுவே போட்டுக்கொள்ளும் என்று விளக்கினார். போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. கையெழுத்து வாங்கினார், தேத்தண்ணி குடித்தார், போய்விட்டார். நான் படத்தைக் கூப்பிட்டேன். பதினோரு நிமிஷம்.

கடைக்குப் போன் போட்டேன்.

“அது அப்படித்தான்லா. உங்க மேப்பு பெருசு,” என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தால் சண்டை போட மாட்டேன். எதையாவது படிக்க எடுத்துக்கொள்வேன். கார்டோடு ஒரு குறிப்புப் புத்தகம் வந்திருந்தது. என்னைவிடக் குறைவாக இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் எழுதியது போலிருந்தது. நடுவில் சில பக்கங்கள் பாதிதான் அச்சாகியிருந்தன. அதை வீட்டுக்கு எடுத்துப் போய், டவுனுக்குப் போகும் பஸ்ஸில், சாப்பிடும்போது, எல்லா நேரமும் படித்தேன். நான்காவது தடவையில்தான் புரிந்தது. அந்தக் கார்டு இரண்டு விதமாக வேலை செய்யும். தன் மூளையை உபயோகித்தும் செய்யும், மூளையை மூடி வைத்துவிட்டுச் சாதாரணக் கார்டு போலவும் செய்யும். கார்டின் ஓரத்தில் மூன்று ஊசிகள் வரிசையாக நிற்கும். அதில் இரண்டைச் சேர்த்து மிளகளவுக் கறுப்புத் தொப்பி ஒன்று மாட்டியிருக்கும். தொப்பி இடது பக்கம் இருந்தால் சாதாரணம். வலது பக்கம் மாற்றினால் மூளை விழிக்கும். கம்பெனியிலிருந்து வரும்போது இடது பக்கம்தான் மாட்டி வரும். வந்தவர் அதைத் தொடவே இல்லை.

இது மட்டும் போதாது. கம்ப்யூட்டர் எழும்போது முதலில் படிக்கிற ஒரு பட்டியல் உண்டு. இப்படி ஒரு கார்டு இருக்கிறது, அதோடு இந்த மாதிரி பேசு என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி எழுத வேண்டும்.

அலுவலகம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக்கு மூடும். பெரிய கிராணி வீட்டுக்குப் போவார். அக்கா மில் பக்கம் இருந்த தன் சித்தி வீட்டில் சாப்பிடப் போவாள். நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். ட்ராக்டர் பட்டறையின் ஸ்க்ரூடிரைவர் இதற்கு மண்வெட்டி மாதிரி. வரைகருவிப் பெட்டியில் பேனா முனையைத் திருகுவதற்கென்று விரல் நீளத்தில் ஒன்று இருந்தது; அது சரியாகப் பொருந்தியது.

முதல் நாள் பட்டியலில் வரியை மட்டும் எழுதினேன். அப்படி ஒரு கார்டே இல்லை என்று சொல்லிவிட்டது. மறுநாள் தொப்பியை வலது பக்கம் மாற்றிப் போட்டேன். திரை கறுத்தது. உள்ளேயிருந்து மூன்று முறை கீச்சென்று சத்தம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. கெடுத்துவிட்டேன், முடிந்தது கதை என்று நினைத்தேன். தொப்பியைப் பழைய இடத்தில் மாட்டியதும் உயிர் வந்தது. எனக்கும்.

மூன்றாம் நாள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையைப் பார்த்தேன். உள்ளே செருகும் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் எண் வேண்டும், லயத்து வீட்டுக்கு நம்பர் இருப்பது போல. கோடு தேய்க்கும் பலகைக்கென்று உள்ளே வேறொரு கார்டு இருந்ததல்லவா? அதுவும் புதுக் கார்டும் ஒரே எண்ணைக் கேட்டன. ஒரே நம்பரில் இரண்டு குடும்பம் இருந்தால் யாருக்கு வந்த கடிதம் யார் கையில் போகும்? அதனால்தான் திரை கறுத்தது. பலகையின் கார்டுக்கு வேறு எண் கொடுத்தேன். அதன் குட்டிச் சுவிட்சுகளைப் பேனா முனையால் நகர்த்தினேன். படம் போடும் புரோகிராமிடமும் புது எண்ணைச் சொன்னேன்.

நான்காம் நாள் தொப்பியை வலது பக்கம் மாட்டி, வரியை எழுதி, பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. படத்தைக் கூப்பிட்டேன். நாற்காலியில் சாய்வதற்குள் சாலை, கால்வாய், காடு எல்லாம் வந்து நின்றுவிட்டன. கைக்கடிகாரத்தை வைத்து மறுபடி பார்த்தேன். பதினான்கு வினாடி.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் வாழ்நாளில் அதுவரை நான் யாருடைய உதவியும் இல்லாமல் செய்து முடித்தது அது ஒன்றுதான். ஆறு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். ஆறு தடவையும் சிரித்தேன், தனியாக உட்கார்ந்து, பைத்தியம் மாதிரி.

ஏழாவது தடவை கூப்பிடும்போது அக்காவின் மேசை கண்ணில் பட்டது. பாதி முடிந்த தாள் ஒன்று நான்கு மூலையிலும் கல் வைத்துக் கிடந்தது. பதினோரு நிமிஷம் பதினான்கு வினாடியாகச் சுருங்கினால், இன்னும் ஒரு வருஷம் வரும் என்று நாங்கள் நினைத்திருந்த வேலை இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். முடிந்தால் ஒருவர்தான். கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான். பம்பை மறுபடி முதுகில் மாட்டப்போவது யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

என் அம்மா பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். வெட்டுக்காரர்களிடையே எழுதாத ஒரு சட்டம் உண்டு. பால் நன்றாக இறங்கும் நாளில்கூட யாரும் கணக்குக்கு மேல் அதிகமாகப் பால் கொண்டுவந்து நிறுக்க மாட்டார்கள். கடைசிப் பத்துப் பதினைந்து மரங்களில் கட்டிய மங்கு என்னும் பால் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் உறைந்த கட்டிப்பாலாக எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒரு நாள் அதிகம் காட்டினால், மறு வாரமே அதுதான் எல்லோருக்கும் கணக்கு என்று மேலே இருப்பவர்கள் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் திண்டாட வேண்டும். அதிகம் காட்டியவளோடு தண்ணிக்குழாயில் யாரும் பேச மாட்டார்கள். நான் இதைப் பார்த்து வளர்ந்தவள்.

அதனால் முடிவெடுக்க எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. தொப்பியை இடது பக்கம் மாற்றினேன். வரியை அழித்தேன். மூடியைத் திருகினேன். அக்கா வந்தபோது சாலைக்கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் அம்மாக்கள் அதைக் கூடிப் பேசித்தான் செய்தார்கள். எத்தனை மரம் விடுவது, எந்த நாளில் விடுவது என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். நான் பேசவில்லை. பெரிய தியாகம் செய்கிற நினைப்பில், யாரையும் கேட்காமல், இன்னொருத்தியின் காரியத்தை ஒரு சாப்பாட்டு நேரத்தில் நானே தீர்மானித்தேன். இது எனக்குப் புரிய நாளானது.

பதினாறு நாள் அப்படியே போனது. காத்திருப்பது போல் நடிப்பது நிஜமாகவே காத்திருப்பதைவிடக் கஷ்டம். சில மதியங்களில் ஆசை தாங்காமல் தொப்பியை மாற்றி இரண்டு தடவை படத்தைப் பார்த்துவிட்டுப் பழையபடி வைத்துவிடுவேன். அக்கா என் மேல் பரிதாபப்பட்டாள். வீட்டிலிருந்து வடை கொண்டுவந்து கொடுத்தாள். உன் பங்கில் நாலு காட்டை நான் கையால் போட்டுத் தருகிறேன் என்றாள். அவள் நல்லவளாக இருக்க இருக்க எனக்கு எரிச்சல் வந்தது. ஒருநாள் காரணமில்லாமல் வள்ளென்று விழுந்தேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

பதினாறாம் நாள் மேனேஜரும் பெரிய கிராணியும் எங்கள் அறைக்கு வந்தார்கள். மேனேஜர் திரையைப் பார்த்தார். கால்வாய்கள் வந்துகொண்டிருந்தன.

“போதும். ஹெட் ஆபீஸ்ல பேசிட்டேன். இந்த மெஷின் இங்க சரிப்படாது. நாளைக்கு லோரி வரும், சுங்கை பெசார் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிடலாம். மிச்சப் படத்த இவங்களே கையால போட்டு முடிக்கட்டும். கை நல்லா இருக்கு.” அக்காவைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ திங்கக்கெழம பெரட்டுக்குப் போயிடும்மா. மருந்துக் கூட்டத்துல ஆளு பத்தல.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் இடம். நான் இப்படி ஒரு திருப்பத்தை நினைத்தே பார்க்கவில்லை. அக்காதான் போவாள் என்று கணக்குப் போட்டு அவளைக் காப்பாற்றினேனே தவிர, நான் போகக்கூடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. முதலில் பேசியது அக்கா.

“சார், அவ சின்னப் பொண்ணு சார், மருந்து தாங்காது. நான் ரெண்டு ஆளு வேலைய சேத்துப் போட்டுர்றேன். ஒரு மாசம் அவளும் இருக்கட்டும் சார்.”

“அதெல்லாம் முடியாதும்மா.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா எனக்காகக் கெஞ்சி முடித்த அதே மூச்சில்.

“சார், கால் மணி நேரம் குடுங்க. மெஷின நான் வேகமாக்கிக் காட்டுறேன்.”

மூடியைத் திறந்தேன். தொப்பியை மாற்றினேன். வரியை எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் கை எங்கும் தடுமாறவில்லை. முதல் தடவை செய்கிற கை இப்படி நேராகப் போகாது என்பது பெரிய கிராணிக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். படத்தைக் கூப்பிட்டேன். பதினான்கு வினாடி.

“இன்னொரு தடவ,” என்றார் மேனேஜர். காட்டினேன். மூன்றாம் தடவையும் காட்டச் சொன்னார். பிறகு பெரிய கிராணியின் தோளைத் தட்டினார்.

“பாத்தீங்களா? லோரி வேணாம்னு சொல்லிடுங்க. இப்படி ஓடுனா இதுக்கு ஒரு ஆளு போதும்லா.”

எந்த ஆள் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவர்கள் போன பிறகு அக்கா தன் மைப்பேனாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். கடைசிப் பேனாவைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எப்பலேருந்து தெரியும்?”

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

“பதினாறு நாளாச்சுக்கா. உங்களுக்காகத்தான் சொல்லல. சொன்னா உங்கள அனுப்பிடுவாங்கன்னு...”

கோபப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“போன வாரம் ராவாங் ஃபேக்டரி பஸ்ஸு எங்க டிவிஷனுக்கு வந்துச்சு, ஆள் எடுக்க,” என்றாள். “எட்டுப் பொண்ணுங்கள எழுதிக்கிட்டுப் போனாங்க. எனக்கும் மனுப் பாரம் குடுத்தாங்க. ஆபீஸ்ல தங்கச்சியோட மெஷின் இப்பதான் ஊர்ந்துக்கிட்டிருக்கு, எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆபீஸ் வேல இருக்குன்னு சொல்லி, பாரத்த திருப்பிக் குடுத்துட்டேன்.”

பேனாவைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“நல்லதுதான் நெனச்சே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?”

அவள் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, பாதி முடிந்த தாளின் நான்கு கற்களையும் எடுத்து ஓரமாக வைத்து, தாளைச் சுருட்டி என் மேசையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அந்த பஸ் மறுபடி எப்போது வரும் என்று பெரிய கிராணியிடம் விசாரித்தேன். தெரியாது என்றார். விசாரித்தது அவளுக்காகவா, என் மனசுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் மருந்துக் கூட்டத்து மண்டோர் அலுவலகச் சன்னலுக்குள் கையை நீட்டினார்.

“இருவத்திரெண்டாம் நம்பர் காட்டுப் படம் வேணும்மா. இன்னிக்கு மருந்து அங்கதான். நாளைக்குக் கெடச்சாலும் சரி.”

முன்பெல்லாம் அப்படித்தான், மறுநாள்தான் கொடுப்போம். அவருக்குப் பின்னால் பெண்கள் பம்புக்குத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தார்கள். அக்கா தலையில் துண்டைக் கட்டி, மூக்கை மறைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான் திரும்பி உட்கார்ந்து படத்தைக் கூப்பிட்டேன், பிரிண்டரில் அடித்துக் கொடுத்தேன். மண்டோர் சுருட்டைப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுப்பதற்குள் தாள் அவர் கையில் இருந்தது. ஆச்சரியப்பட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று மருந்துக் கூட்டம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பிவிட்டது.